சகலை எறிந்த கடிகாரம்

கேனேஷுக்கும் அவன் சகலை தூலோத்துக்கும் தொடக்கத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். மாமனார் இசாபெக் சாகும்போது தன் கைக்கடிகாரத்தை மூத்த மருமகன் தூலோத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனதில் அது முற்றிப்போனது.

இசாபெக் சோவியத் காலத்தில் கடற்படைக்காக இசிக்குல் ஏரியில் முக்குளித்தவர். கடிகாரம் அங்கே கொடுத்தது. உள்ளங்கை அகலம், சாவி கொடுக்கும் திருகின் மேல் சங்கிலி கோத்த மூடி. அதைக் கட்டிக்கொண்ட தூலோத் கார் உதிரிபாகம் விற்பவன், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. கேனேஷோ ஏரிக்கரையில் உள்ள பாலிக்சி மீட்பு நிலையத்தில் இருபது வருஷமாக முக்குளிக்கிறவன். ஏரி விழுங்கியவர்களைத் தேடி மேலே கொண்டுவருவது அவன் வேலை. மூத்தவன் என்ற ஒரே காரணத்தை அவனால் விழுங்க முடியவில்லை.

தலைநகர் பிஷ்கெக் போய், பெரிய பஜாரில் அதே வார்ப்பில் சீனாவில் செய்த ஒன்றை நான்காயிரம் சோமுக்கு வாங்கி வந்தான். முகப்பில் செய்தவனின் சொந்தப் பெயர்தான் இருந்தது. பழையது என்று அது யாரிடமும் பொய் சொல்லவில்லை. பாறையிலும் படகு விளிம்பிலும் இடிபட்டு இரண்டு வருஷத்தில் அதன் உடம்பெல்லாம் கீறல்.

விருந்துக்கு விருந்து தூலோத் அதையே பிடித்துக்கொண்டான். “என்ன சகலை, நிஜம் என் கையில, நிழல் உன் கையில. மணி மட்டும் ஒண்ணாத்தான் காட்டுதா?”

“உங்களுது தண்ணியப் பாத்து எத்தன வருஷமாச்சு, சகலை? தாகத்துல செத்துடப் போவுது.”

மாமனாரின் மூன்றாம் வருஷ நினைவு விருந்துக்கு அவரோடு முக்குளித்த பழைய கூட்டாளி யெஃபிம் கிழவர் வந்தார். கண் மங்கிவிட்டது. குதிரை இறைச்சித் தட்டை நீட்டிய கேனேஷின் மணிக்கட்டில் கிழவரின் விரல் பட்டது. மூடியையும் சங்கிலியையும் தடவினார். கீறல்களைத் தடவினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

“இசாபெக்கோடது. இத கட்டிக்கிட்டுதான் என்னய தண்ணியிலேர்ந்து மேல இழுத்தான்.”

பிறகு தூலோத்தின் கையைத் தொட்டுப் பார்த்தார். அவன் அசல் கடிகாரத்தைப் பட்டறையில் கொடுத்துக் கண்ணாடி மாற்றி, கண்ணாடி போலவே மெருகேற்றி வைத்திருந்தான். “இதுவும் நல்லாத்தான் பண்ணிருக்கான். சீனாவா?”

பந்தியே சிரித்தது. உண்மையைச் சொல்ல கேனேஷுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தேனாக இறங்கியது.

மறுநாள் காலை தூலோத் நேராக மீட்பு நிலையத்தின் மரத்துறைக்கு வந்தான். “கழட்டு அத.”

“எதுக்கு?”

“பிச்சக்காரப் பய மாதிரி வேஷம் கட்டி எங்க மாமன் பேர திருடிட்ட. நேத்து வாயத் தொறந்தியா நீ?”

“கிழவர் கேட்டது உங்ககிட்ட. உங்களுக்குத்தான் வாய் இல்லையா?”

தூலோத் அவன் கையைப் பிடித்து முறுக்கினான். வார் அறுந்தது. கையோடு வந்த கடிகாரத்தைத் துறைக்கு அப்பால் எறிந்தான். அங்கே ஆழம் அதிகம், அடியில் இடுப்பளவு சேறு. கேனேஷ் சகலையின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றித் துறையின் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். தூலோத்தின் கால்விரல்கள் மட்டும் பலகையில் இருந்தன. நீச்சல் தெரியாதவன் முகம் எப்படி வெளுக்கும் என்று கேனேஷுக்கு நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டே நின்றான். உடன் வேலை செய்பவர்கள் ஓடிவந்து பிரித்தார்கள்.

சேற்றில் தேடுவது வீண் என்று அவனுக்கே தெரியும். அடுத்த வாரம் அதே கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, தூலோத்தின் கடை வழியாகவே வீட்டுக்கு நடந்தான்.

“இன்னும் வேணும்னா எறிங்க சகலை. கடைக்காரன் அட்டப்பெட்டி நெறைய வச்சிருக்கான். உங்களுதத்தான் எறிய முடியாது, பாவம்.”

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவனெல்லாம் தூலோத்தின் மணிக்கட்டைப் பார்த்து, “இது சீனாவா அண்ணே?” என்று கேட்க ஆரம்பித்தான். குளிர்காலத்துக்கு முன் அவன் அதைத் தலைநகரத்தில் பழம்பொருள் சேர்க்கும் ஒருவனிடம் சத்தமில்லாமல் விற்றுவிட்டான்.

அடுத்த நினைவு நாள் நெருங்கியபோது தூலோத்தின் மனைவி சயீரா தங்கை வீட்டுக்கு வந்தாள். தேநீர்க் கிண்ணத்தைத் தொடவில்லை.

“தம்பி, அவரு அப்பாவோடத வித்துட்டாரு. ஒரு நாளைக்கு உன்னோடதக் குடு. அவரு கையில கெடக்கட்டும். சொந்தக்காரங்க முன்னாடி மானம் போயிரும்.”

“நிழலையா கேக்குறீங்க, அக்கா? அவருக்கு ஆகாதே.”

கேனேஷின் மனைவி புருல் கரண்டியைத் தட்டில் போட்டாள். “அவ எங்க அக்கா. நினைவு நாள் எங்க அப்பாவோடது. குடுத்தாத்தான் என்ன?”

“குடுக்க மாட்டேன்.”

விருந்தில் தூலோத் வெறுங்கையோடு உட்கார்ந்து, கடிகாரம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். கேனேஷ் எழுந்து யெஃபிம் கிழவரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“போன வருசம் நீங்க புடிச்சது பஜார்ல வாங்குனது, பெரியவரே. நான் சொல்லாம இருந்துட்டேன். அசல் சகலைகிட்ட இருந்துச்சு. வித்துட்டாரு.”

கிழவர் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நீ என்னய ஏமாத்துன. அவன் செத்தவன ஏமாத்தினான். என்னய வண்டியில ஏத்துங்க, நான் வீட்டுக்குப் போறேன்.”

அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. புருல் அக்காவை பஜாரில் வைத்துத்தான் பார்க்கிறாள். கேனேஷ் காலையில் தண்ணீருக்குள் இறங்கும்போது யெஃபிம் சொன்னதை நினைத்துக்கொள்வதுண்டு. தூலோத்துக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.