யாரும் மூடாத தண்ணீர்

பிள்ளைகளா, உங்கள் ஆங்கிலப் புத்தகத்தில் ‘வாட்டர்ஃபால்’ என்று ஒரு சொல் வரும். நான் பத்தாவது வரைதான் படித்தவன். ஆனாலும் அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அது பிறமொழியிலிருந்து கடன் வாங்கிய சொல் இல்லை. தண்ணீருக்கு ஒன்று, விழுவதற்கு ஒன்று என்று அவர்களிடமே இருந்த இரண்டு பழைய சொற்களை ஒட்டிக்கொண்டார்கள். நாம் அருவி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

ஐந்தாம் வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு ஒரே சந்தேகம். எங்கள் கரிசல் ஊரில் தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். தூக்கி வரும்போது ஒரு கை தண்ணீர் சிந்தினாலும் முதுகில் ஒன்று விழும். அப்படியிருக்க, தண்ணீர் சும்மா விழுவதற்கு யாராவது பெயர் வைப்பார்களா?

சித்தப்பா வேன் ஓட்டுகிறவர். சீசனுக்குக் குற்றாலம் சவாரி போவார். அவரிடம் கேட்டேன்.

“ராத்திரியும் விழுமா?”

“விழும்லே.”

“யாரு மூடுவா?”

“யாரும் மூட மாட்டாவ. அது பாட்டுக்கு விழும்.”

வேன் ஹாரனுக்குள் வாத்து இருக்கிறது என்று ஒரு வருடம் என்னை நம்பவைத்தவர் அவர். இதுவும் அந்த வகைதான் என்று முடிவு கட்டினேன்.

“மதினி, நாளைக்கு வேன்ல ரெண்டு சீட்டு காலியா இருக்கு. நீங்களும் வாங்க. இவன் சந்தேகம் தீரட்டும்” என்றார்.

அம்மா வாசலில் இருந்த குடங்களைப் பார்த்தாள். “நாளைக்குத் தண்ணி வந்தாலும் வரும் தம்பி. அவன மட்டும் கூட்டிட்டுப் போங்க.”

அம்மாவும் நம்பவில்லை என்று எனக்குத் திருப்தி. பொய் என்றால் வெறுங்குடத்தைக் கொண்டுவந்து தெருவுக்கே காட்டுவது என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குடத்தோடு ஏறினேன்.

குற்றாலத்தில் இறங்கியதும் இரைச்சல் கேட்டது. தண்ணீர் விழத்தான் செய்தது. ஆனால் மேலே டேங்கர் லாரியை ஒளித்துவைத்திருப்பார்களோ என்று பாறை உச்சியையே பார்த்தேன். குளிக்க வரிசை நின்றது. அதன் கடைசியில் குடத்தை வைத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

பின்னால் வந்த ஒருவர், உடம்பெல்லாம் எண்ணெய், “ஏலே, யார் குடம்லே இது?” என்றார்.

“என் இடம் அண்ணாச்சி. முறை வரதுக்குள்ள தண்ணி நின்னுருமா?”

வரிசையே சிரித்தது.

“எங்கன இருந்து வார?”

“கோவில்பட்டிப் பக்கம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் ஒதுங்கி, முதலில் என் குடத்தை நிறைக்கவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சேரும்போது பாதிக் குடம்தான் மிஞ்சியிருந்தது. ஊரில் அன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் குடங்கள் வரிசையில் அப்படியே வெயில் காய்ந்தன.

“நெசமாவே விழுதாலே?” என்றாள் அம்மா.

“விழுதும்மா. ஆனா மேல என்ன வச்சிருக்காவன்னுதான் தெரியல.”

அம்மா அண்டாவைத் தரையில் வைத்தாள். குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி மெள்ளச் சாய்த்தாள். ஒரு சொட்டுகூட வெளியே தெறிக்கவில்லை. திரும்பவும் குடத்தில் மொண்டு, திரும்பவும் மேலேயிருந்து ஊற்றினாள்.

தூசி, தும்பு கிடக்கிறதா என்று பார்க்கிறாள், சித்தப்பா மேல் என்னைவிட அம்மாவுக்குத்தான் சந்தேகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு, நானும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் கண் அண்டாவில் இல்லை, விழுகிற தண்ணீரில் இருந்தது.