பனையடியில் தலைகீழாய் நின்றவர்

ஆறுச்சாமி அண்ணன் போய்விட்டார்.

எங்கள் பள்ளி ஃபிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். நேற்று வேலந்தாவளம் சந்தைக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பியிருக்கிறார். பொழுது சாய்ந்த நேரம். ரோட்டோரம் லைட் இல்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருக்கிறது... அது அவர் கண்ணில் படவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் பிளஸ் டூ ஃபிசிக்ஸ் படித்தவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். கமெண்டில் ஆர்ஐபி என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஃபோன் வந்தபோது சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மீதியையும் துருவி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அந்தப் பனைமரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

குவிலென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்து, எதிர்ச்சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் தூரத்து மரத்தின் பிம்பத்தை விழவைப்போம். தெளிவாக விழும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஃபோக்கல் லெங்த். ஆனால் மரம் சும்மா நிற்கும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

அதற்காகவே அண்ணன் மைதானத்தைத் தாண்டிப் போய்ப் பனையடியில் நின்று ஒரு கையைத் தூக்குவார். தாளில் நெல்மணி அளவுக்கு ஒரு மனுஷன்... தலைகீழாக, கை கீழே நீட்டியபடி. "அண்ணன் வந்துட்டாரு!" என்று லேப்பே அலறும்.

ஒவ்வொரு பேட்சுக்கும் போய் நிற்பார். பங்குனி வெயிலிலும்.

"எதுக்குங்கண்ணா இந்த வெயில்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கட்டுங்க டீச்சர். நம்மள வேற ஆரு இவ்வளவு உத்துப் பார்க்கப் போறாங்க?"

அடுத்தது கறுப்புத்தாள். லென்ஸில் பாதியை மூடப் போகிறேன், பிம்பத்தில் பாதி மரம் காணாமல் போகுமா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் போகும் என்று கை தூக்குவீர்கள். மூடினால் மரம் முழுசாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் குறையும். வருஷாவருஷம் அந்தத் தாளை எடுத்துக் கொடுப்பது அண்ணன்தான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போன வருஷம் பிராக்டிக்கல் எக்ஸாமுக்கு முதல் நாள். பத்து சென்டிமீட்டர் லென்ஸெல்லாம் இருபது என்று எழுதிய கவரில் இருந்தது. ஒருவருக்கும் ரீடிங் சரியாக வரவில்லை. என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே... பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். "கண்ணு தெரியலையாண்ணா உங்களுக்கு?"

அவர் கவர்களை எல்லாம் வாரிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு லென்ஸாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நடுவில் குண்டாக இருந்தால் பத்து, ஒல்லியாக இருந்தால் இருபது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எதற்குத் தடவுகிறார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சாயங்காலம் அவரே வந்தார். "புரை விழுந்திருக்குதுங்க டீச்சர். ரெண்டு கண்ணுலயும். கேம்ப்ல பார்த்தவிங்க ஆபரேசன் பண்ணோணும்ங்கறாங்க."

"அப்ப பண்ணிக்க வேண்டியதுதானேண்ணா?"

அவர் சிரித்தார். "எதுக்குங்க? நீங்கதான வருசாவருசம் சொல்றீங்க. லென்ஸைப் பாதி மூடுனாலும் முழுசா விழும், கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதான்னு. நம்முளுதும் அப்படித்தானுங்க."

நானும் சிரித்தேன்.

சிரித்ததோடு விடவில்லை. அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் போய் ஜோக்காகவும் சொன்னேன். லென்ஸைப் பாதி மூடுவது வேறு, லென்ஸே மங்கிப்போவது வேறு அண்ணா என்று சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச வெளிச்சமும் குறைகிற நேரத்தில் வண்டி எடுக்காதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷமாக ஒளியைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன்... வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சரசக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கன்னு எத்தன தடவை கூப்பிட்டிருப்பேன் டீச்சர். 'டீச்சர்கிட்டயே சொன்னேன், அவங்களே சிரிச்சுட்டாங்க, ஒண்ணும் பயமில்ல'ன்னு சொல்லியே நாளை ஓட்டிப் போட்டாரே..."

குறையாகச் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னார். என் கையை மட்டும் விடவே இல்லை.

மதியம் அவரை எடுத்த பிறகு நேராகப் பள்ளிக்கு வந்தேன். ஆபீஸில் சாவி வாங்கி லேப்பைத் திறந்தேன்.

அவர் கையெழுத்தில் இருபது என்று எழுதிய கவர். உள்ளே இருந்த லென்ஸை நானும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். இருபதுதான்.

ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். பனை விழுந்தது. தலைகீழாக, ஓலை ஓலையாக, அவ்வளவு தெளிவாக.

கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். மரம் மட்டும்தான் இருந்தது.

வெயிலில் நின்றது போதும் அண்ணா... நிழலுக்குப் போங்கள்.