வெளிப்பக்கம் திறக்கும் கதவு

செகந்திராபாத்தை அடுத்த பாலாநகர் பட்டறை முற்றத்தில் ஒரு முழு வகுப்பறை நிற்கிறது. இரும்புச் சட்டம், தகரக் கூரை, ஒரே கதவு. பூகம்பத்தில் பள்ளி இடிந்த கட்ச் கிராமத்துக்கு இதைக் கழற்றி லாரியில் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறேன்.

“இருங்க சார், ஒருவாட்டி உள்ளேர்ந்து வெளிய ஓடிப் பாத்துட்டு ஏத்தலாம்,” என்கிறார் மேஸ்திரி செல்வராஜ், செகந்திராபாத் தமிழர்.

தொழிலாளர்களோடு நானும் உள்ளே தரையில் உட்காருகிறேன். “பூமி ஆடுது!” என்று மேஸ்திரி வெளியே நின்று கத்தித் தகரத்தைத் தட்டுகிறார். ஓடுகிறோம். கதவு உள்பக்கம் திறப்பது. நெரிசலில் அதை இழுக்கவே முடியவில்லை.

“நக்கோ சார், இந்தக் கதவு வேணாம்! புள்ளைங்க எப்படி வெளிய வரும்?” என்கிறார் மேஸ்திரி.

கீலை வெட்டி மாற்றுகிறார்கள். பொறி பறக்கிறது. மறுபடி தகரச் சத்தம். இம்முறை கதவு படாரென்று வெளியே திறக்க, கூச்சலும் சிரிப்புமாக வெயிலில் வந்து விழுகிறோம்.

மேஸ்திரி மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

“யாரும் இல்ல. இப்ப ஏத்துங்க.”