உச்சிவெயிலில் பனித்துளி

சித்தூர் மிஷன் பெண்கள் பள்ளியில் கிருபாபாய் டீச்சருக்குத் தையலும் வேதபாடமும்தான் கைவந்தவை. 1931-ல், செடிகொடிப் பாடம் நடத்தியவர் கல்யாணமாகிப் போய்விட, அதுவும் இவள் தலையில் விழுந்தது. இலை வடிவங்களை மாணவிகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற புங்கமரத்தை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிருபாபாயும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வடமாலபேட்டைத் தங்கை ஜெயசீலி வீட்டுக்குப் போயிருந்தாள். ஒருநாள் ஏரியோரம் நடக்கையில், ஈரமணலில் காலணா அளவில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. குனிந்தாள். தரையோடு ஒட்டிய சின்னஞ்சிறு செடி. இலைகளெங்கும் மெல்லிய மயிர்கள். மயிர் நுனிதோறும் ஒரு பனித்துளி. வெயிலோ உச்சிக்கு ஏறியிருந்தது. சுற்றியிருந்த புல்லில் பனி எப்போதோ காய்ந்துவிட்டது. இதில் மட்டும் எப்படி?

ஓர் எறும்பு இலைமேல் ஏறியது. கால் ஒட்டிக்கொண்டது. ஓரத்து மயிர்கள் அவள் கண்ணெதிரே மடிந்து எறும்பை அமுக்கின.  உயிர்களுக்குச் செடிதான் ஆகாரம் என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொன்னவள் அவள். இங்கே செடியே இரை பிடிக்கிறது. மணலில் மண்டியிட்டபடியே வெகுநேரம் இருந்தாள். ஜெபிக்கத் தோன்றியது.

அந்த வழியே வந்த, தங்கையின் பக்கத்து வீட்டு நாகையா, அது அழுகண்ணி என்றார். மணலோடு பெயர்த்து, பிஸ்கட் டின்னில் வைத்து, மடியைவிட்டு இறக்காமல் பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

பள்ளி திறந்த அன்று வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவில்லை. டின்னை மேஜைமேல் வைத்து, ஒரு கொசுவை இலையில் விட்டாள். முப்பது தலைகள் நெருங்கின. மயிர்கள் மடிந்தன. 

"அது துன்னுதா டீச்சரம்மா?" என்றாள் செங்கம்மா. கல் உடைப்பவர் மகள். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள்.

"தெரியலையே கண்ணு. நானும் இப்பத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

டீச்சருக்கும் தெரியாதது உண்டு என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஆச்சரியம். சில நாளில் இலை விரிந்தது. கொசுவின் வெறும் கூடுதான் மிச்சம். பல்லில்லாமல் எப்படித் தின்றது, பசித்தால் அதற்குத் தெரியுமா என்று மணியடித்த பிறகும் கேட்டுக்கொண்டே நின்றார்கள். ரத்னம்மா ஆசையாக ஒரு கறித்துண்டை வைக்க, இலை அழுகிச் செடி செத்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கிருபாபாய் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளோடு இன்னும் ஒன்பது பெண்களை அழைத்துக்கொண்டு வடமாலபேட்டைக்கே போனாள்.

அன்று அழுகண்ணி நிறையக் கிடைத்தது. ஆனால் செங்கம்மா வேறொன்றைக் கண்டாள். விரல் உயரம், நூல்போன்ற இலைகள், உடம்பெல்லாம் துளிகள்.

"இதுவும் அழுவுது டீச்சரம்மா."

அதற்கு நாகையாவுக்கும் பெயர் தெரியவில்லை. செங்கம்மாவே செடியைப் படமாக வரைந்து, சென்னைக் கல்லூரி ஒன்றுக்குக் கடிதம் எழுதினாள். கிருபாபாய் பிழை மட்டும் திருத்தினாள். இரண்டு மாதம் கழித்து, பெயரும் விவரமும் எழுதிய பதில் வந்தது. உறையின்மேல் மேல்விலாசமாக இருந்தது செங்கம்மாவின் பெயர்.