அக்கா உரக்கச் சொல்லாத சொற்கள்

அக்காவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அவள் பல்லில் கடித்திருந்த பறிக்கயிறு. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற எங்கள் வீட்டுப் பெண்கள், முழங்காலளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறி வாயிலிருந்து தொங்கும். நாலைந்து மணி நேரம் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த நேரத்தில்தான் அக்கா இங்கிலீஷ் படித்தாள்.

ஒருத்தியைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று நைனா சொன்னபோது அவள்தான் விட்டுக்கொடுத்தாள். நான் பொன்னேரி ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் கடையில் பொட்டலம் மடிக்கிற இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கி, பழைய அகராதியில் பொருள் தேடுவாள். தினம் பத்துச் சொல். காலையில் பார்த்துவிட்டு ஏரியில் இறங்கினால் கரையேறும்போது மனப்பாடம். இரக்கத்துக்கு மட்டும் ஐந்து சொல் வைத்திருந்தாள். எனக்கு அதில் ஒன்றுதான் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஏதாவது ஒரு ஆபீசில் சேர்ந்துவிட்டால் தண்ணீரை விட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம்.

ஒரு லீவில் என் ஹாஸ்டல் சிநேகிதிகள் எங்கள் ஊரில் இருக்கிற பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வந்தார்கள். எலும்புக்கூடு செதுக்கிய வாசலில் நின்று, அந்த வேலைப்பாட்டைப் பற்றி அக்கா இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னாள். நீளமான வாக்கியம், ஒரு பிழை கிடையாது. ஆனால் அந்தச் சொற்களை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை. எழுத்தைப் பார்த்துத் தானாகவே உச்சரிப்பு கட்டியிருந்தாள். சிநேகிதிகள் தரையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். பெரிய படிப்பாளி என்று நினைப்பு எனக்கு. அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு இங்கிலீஷ் சொல்லையும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கம்பெனியின் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாள். நேர்காணலில் கேட்டதெல்லாம் புரிந்ததாம், பதிலும் மனதுக்குள் வந்ததாம். வாய்தான் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஏரிக்குப் போய்விட்டாள்.

இன்று நான் சென்னையில் நாள் முழுக்க இங்கிலீஷ் பேசித்தான் பிழைக்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, இத்தனை வருஷம் கழித்து, அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

“சிரிச்சா இன்னா பாப்பா, நானுந்தானே சிரிச்சேன். அப்பால எப்டி சொல்லணும்னு நீ வந்து சொல்லிக் குடுப்பேனு ரொம்ப நாளு காத்துகினு இருந்தேன்.”