பொன்ராஜ் கடைப் பெண் பிரேமனில்

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கும் பொன்ராஜ் மளிகைக் கடையில், ‘இல்லை’ என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பிய வரலாறே கிடையாது. பொன்ராஜ் தெற்கே திசையன்விளைக்காரர். கடை வைத்த நாளிலிருந்து அவருக்கு அது ஒரு வைராக்கியம். “இன்னா அண்ணாத்தே, கசகசா கீதா?” என்று யாராவது கேட்டால், கடையில் கசகசாவின் வாசனைகூட இல்லாவிட்டாலும், “இருக்கு, ஒரு நிமிசம் நில்லுங்க” என்பார். அடுத்த நொடி மகள் மகிமா பின்வாசல் வழியாகப் பக்கத்திலிருக்கும் உபைதுல்லா மளிகைக் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் வாங்கி வந்துவிடுவாள். கேட்டவருக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூட வயதிலிருந்து அப்படி ஓடி ஓடி வளர்ந்த பெண் அவள்.

அந்த மகிமாதான் தண்ணீர்ச் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இறங்கிய அன்று ஞாயிற்றுக்கிழமை, அந்த நாட்டில் கடைகளுக்கு விடுமுறை. ஊரில் மருந்துக்குக்கூட ஒரு மளிகைக் கடை திறந்திருக்கவில்லை. கடைக்காரர் மகளுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறென்ன வேண்டும்? அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கையும் குழாய்த் தண்ணீரையும் வைத்துப் பொழுதை ஓட்டினாள். கூட்ஸ் வண்டிகளின் தடதடப்பிலேயே தூங்கிப் பழகியவளுக்கு அந்த ஊரின் அமைதியில் தூக்கம் வரவில்லை. அப்பா போன் செய்தால் மட்டும், “எல்லாம் இருக்குப்பா, சூப்பரா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, போர்வைக்குள் அழுதாள்.

அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் பேராசிரியர் ஹைக்கேயின் ஆய்வுக்கூடம். ஹைக்கே நெட்டையான அம்மாள், சிரிப்பில் படு கஞ்சம். ஆற்று நீரைச் சோதிக்கும் அவருடைய குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு வாரம் வேலை பார், சரிப்பட்டால் வைத்துக்கொள்கிறேன் என்று மகிமாவிடம் சொல்லியிருந்தார். ஆலைக் கழிவில் நாறும் எண்ணூர்க் கழிமுகத்தின் தண்ணீருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் மகிமா இந்தப் படிப்பையே எடுத்தாள். இந்த இடம் கைநழுவினால் வெறும் ஏட்டுப் படிப்போடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாளே ஹைக்கே தண்ணீரில் கலந்த கழிவை அளக்கும் ஒரு கருவியைக் காட்டி, “இதில் வேலை செய்து பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

மகிமா அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் வாய் முந்திக்கொண்டது. “உண்டு மேடம்.”

ரத்தத்தில் ஊறியது எங்கே போகும்? பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும், அவ்வளவுதானே. பிரேமனில் அவளுக்குப் பக்கத்துக் கடை யூடியூப். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோ பார்த்தாள். வெளியே வந்து, மற்ற மாணவர்கள் விடியற்காலையில் படகில் போய் எடுத்து வந்திருந்த ஆற்று நீர்க் குப்பிகள் அத்தனையிலும் சோதனை மருந்தைக் கலந்து, ஒவ்வொன்றாகக் கருவிக்குள் வைத்தாள்.

வீடியோவில் இருந்தது வேறு மாடல். இந்தக் கருவியில் முதலில் சுத்தமான தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அது அவளுக்கு எங்கே தெரியும்? வந்த எண்களை நம்பினால் அந்த ஆற்றில் ஒரு மீன்கூட உயிரோடு இருக்க முடியாது. மருந்து கலந்த தண்ணீரோ மறுபடி சோதிக்க உதவாது.

ஹைக்கே வரும் சத்தம் கேட்டது. கருவி கோளாறு, மருந்து பழசு என்று பொய்கள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. எண்ணூரில் மீன்கள் செத்து மிதந்த ஒரு நாளில், அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று யாரோ ஓர் அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனது அப்போது மகிமாவுக்கு நினைவு வந்தது. அன்று அவளுக்கு வயிறு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தானும் ஓர் ஆற்றைப் பற்றிப் பொய் சொல்வதா?

“மேடம், இந்தக் கருவியில் எனக்குப் பழக்கம் இல்லை. உண்டு என்று சொன்னது பொய். தண்ணீர் முழுவதையும் வீணாக்கிவிட்டேன்.”

ஹைக்கேவுக்குக் கோபம் வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை. “தெரியாதது தப்பில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்திருப்பேன். குளிரில் நடுங்கிக்கொண்டு படகில் போனவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?”

ஹைக்கே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உட்கார்” என்றார். கருவியை முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். எழுந்து போகும்போது, “வீணாக்கியதை நீதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாளைக் காலைப் படகில் நீயும் போகிறாய். குளிருக்குக் கோட் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை மேடம்.”

ஹைக்கே தன் பழைய கோட்டை எடுத்துக் கொடுத்தார். அது மகிமாவுக்குக் கணுக்கால் வரை வந்தது.

அன்று மாலை அப்பா போன் செய்தபோது, வழக்கமான பல்லவியை அவளால் பாட முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள். தூக்கம் வராததை, முறுக்குத் தீர்ந்துபோனதை, பேச ஓர் ஆள் இல்லாததை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நடுவில், “நைனா, வெல்லம் எவ்ளோ?” என்று கடை வாசலில் யாரோ கேட்டார்கள். “செத்த நில்லுங்க, மவகிட்ட பேசிட்டிருக்கேன்” என்றார் பொன்ராஜ். வியாபாரத்தை அவர் காக்கவைத்து மகிமா பார்த்ததேயில்லை.

“ரொம்பக் கஷ்டமா இருந்தா வந்துருதியாம்மா?” என்று கேட்டார். “டிக்கெட் போட்டிருதேன்.”

“இல்லப்பா,” என்றாள் மகிமா. “காலையில படகுல போணும்.”