சவானாவில் பதினாறு மரங்கள்

ஏழாம் வகுப்பில், ஆரணியில் எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக ஒரே பலகையில் களிமண் பரப்பி இரண்டு நிலங்கள் செய்தேன். இடப்பக்கம் பாலைவனம்: ஆற்று மணல், அவ்வளவுதான். வலப்பக்கம் சவானா: கழித்துப்போட்ட பட்டு நூலை நறுக்கிப் பதித்த பழுப்புப் புல், பதினாறு தீக்குச்சி மரங்கள். முதல் பரிசு வாங்கினால் வேலூர்க் கண்காட்சிக்குப் போகலாம். அதுவரை நான் பாதி வழியிலிருக்கும் கண்ணமங்கலத்தைத் தாண்டியதில்லை.

மரம் நடும் வேலையை அம்மாவிடம் விட்டேன். அம்மா பட்டுச் சேலையில் புட்டாப் பூக்கள் வைத்து நெய்பவர். ஒரு பூ சற்றுத் தள்ளி விழுந்தாலும் சேலை திரும்பி வந்துவிடும்.

“எவ்ளோ தூரத்துக்கு ஒரு மரம்?” என்று கேட்டார்.

“தூரமெல்லாம் இல்லம்மா. அங்கங்க இருக்கும்.”

“அளவு சொல்லாம அங்கங்கன்னா எப்பிடிடி?”

நான் சகாரா, சவானா என்ற பெயர்களின் காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

கண்காட்சியன்று அம்மாவும் வந்து என் பின்னால் நின்றார். நடுவராக வந்த போளூர் ஆசிரியர் குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, சவானாவா மாந்தோப்பா? யாரு கயிறு புடிச்சி நட்டது?”

தோழிகள் சிரித்தார்கள்.

“எங்கம்மா நட்டாங்க சார்” என்றேன் நிமிர்ந்து. மரங்கள் அத்தனை நேராக நின்றதில் எனக்குப் பெருமைதான்.

நடுவர் இரண்டு நிலத்துக்கும் வேறுபாடு கேட்டார். பாலைவனத்தில் மழை அரிது. சவானாவுக்கு ஒரு மழைக்காலம் உண்டு, அதனால் புல் உண்டு என்றேன். சகாரா என்றாலே அரபியில் பாலைவனம்தான். சவானா கரீபியத் தீவு மக்களிடமிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்ட சொல், மரமில்லாத வெளி என்று பொருள் என்றேன்.

“அப்போ மரம் எதுக்கு?”

“பேரு வச்சவங்க பார்த்த இடத்துல இல்ல சார். அப்புறம் மரம் இருக்கிற புல்வெளிக்கும் அதே பேரு வந்துடுச்சி.”

“சரி, சுத்திட்டு வரேன்” என்று நகர்ந்தார்.

அந்தப் பதிலைத் தோழிகளிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டுத் திரும்பினேன். அம்மா மரங்களைப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஒட்டி நின்றன, ஒன்று மூலையில் தனியாக. ஒவ்வொரு முறையும் விரல் தானாக அளந்தது. அளந்த இடத்தை விட்டுத் தள்ளி ஊன்றினார்.

சுற்றிவிட்டு வந்த நடுவர் மறுபடி குனிந்து மரங்களைப் பார்த்தார். முதல் பரிசு கிடைத்தது. வேலூர் பஸ்ஸில், என் பதிலுக்குத்தான் பரிசு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

“ஆமாடி, ஜோரா சொன்ன” என்றார் அம்மா.

இப்போது வரைபடம் வரைவது என் வேலை. அளவு எழுதாத படத்தை யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரு பூவைக்கூட இடம் தவறி வைத்தறியாத கை, அன்று பதினாறு முறை வேண்டுமென்றே தவறியது. பஸ்ஸில் எனக்கு அது உறைக்கவில்லை.